தோட்டத்துத் தண்ணீர் குடித்த கார்

எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரியாத ஆண்கள் இரண்டு பேர். காரைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்களும் அந்த இரண்டு பேர்தான். ஒருவர் என் கணவர், இன்னொருவர் அவருடைய அண்ணன். ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், கார் பற்றிய பேச்சு வரும்போது என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.

அண்ணனுக்கு அந்த ஞானம் ஒரு லாரியால் வந்தது. ரொம்ப காலத்துக்கு முன்பு அவர் ஒரு லாரி வைத்திருந்தார். வைத்திருந்தார் என்றால் ஓட்டினார் என்று நினைத்துவிட வேண்டாம். ஓட்டியது டிரைவர். இவர் முன்சீட்டில் உட்கார்ந்து தூத்துக்குடி வரை போய், உட்கார்ந்தபடியே திரும்பி வந்தார். லாரி கடனில் போய்விட்டது. ஞானம் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. எங்கள் ஊர் மல்லாங்கிணற்றில் யார் வீட்டு வண்டி இருமினாலும் இவரைக் கூப்பிடுவார்கள். இவரும் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு ஏதாவது சொல்லுவார். சொன்னது சரியாக இருந்து நான் பார்த்ததில்லை. தப்பாக இருந்ததை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதும் இல்லை.

ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு. முன்வீட்டில் அவர் குடும்பம், பின்வீட்டில் நாங்கள். தம்பி பெண்டாட்டியோடு நேருக்கு நேர் பேசுவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. மரியாதையாம். நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும், "ஏலே, அந்தப் பிள்ளைட்ட சொல்லு, வண்டிய நெழல்ல விடச் சொல்லு" என்று என் கணவரிடம்தான் சொல்லுவார். என் கணவர் என் பக்கம் திரும்பி, "வண்டிய நெழல்ல விடணுமாம்" என்பார். நான் என்னவோ செவிடு போலவும், என் கணவர் எனக்காகவே நியமிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் போலவும் இருக்கும். கல்யாணமான புதிதில் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது.

கார் என்னுடையது. என் பெயரில் கடன் வாங்கி, என் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கிய பழைய கார். சிவகாசியில் ஒரு கேலண்டர் கம்பெனியில் எனக்கு வேலை. ஆடிப்பெருக்கு அன்று புது வருஷத்து மாதிரி ஆல்பம் போட்டுவிட்டால் அதற்கப்புறம் மார்கழி வரைக்கும் சீசன். ஜவுளிக்கடை, நகைக்கடை, ஃபைனான்ஸ் என்று ஊர் ஊராக ஏஜெண்டுகள் ஆர்டர் கொண்டுவருவார்கள். கடைப் பெயர், முகவரி, சாமி படம் எல்லாம் சரிதானா என்று பார்த்து மெஷினுக்கு அனுப்புவது என் வேலை. இது சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிகிற வேலை இல்லை. ஆனால் நான் விருதுநகர் வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்து ஊருக்குப் போக வேண்டியவள். பாதி வேலையில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவளுக்கு எந்த முதலாளி பொறுப்புக் கொடுப்பார்? எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் மேலே போனார்கள். கார் வாங்கிய பிறகுதான் ஆர்டர் பிரிவு முழுவதும் என் கைக்கு வந்தது. கார் போனால் அதுவும் போகும். முதலாளி இதை வாய்விட்டே சொல்லியிருந்தார்.

காலையில் என் கணவரை விருதுநகரில் இறக்கிவிட்டுத்தான் நான் சிவகாசிக்குப் போவேன். அவர் ஒரு பருப்பு மண்டியில் கணக்குப் பார்க்கிறார். ஏசி போட்டு, பக்கத்து சீட்டில் சாய்ந்து, பேப்பர் படித்துக்கொண்டு வருவார். அந்த ஆடி முடியும் சமயத்தில் டெம்பரேச்சர் முள் மெல்ல மெல்ல மேலே ஏறுவதை நான் கவனித்தேன். முன்பக்கம் கீச்சென்று ஒரு சத்தமும் கேட்டது. "என்னங்க, முள்ளு ஏறுது பாருங்க" என்றேன். அவர் பேப்பரைத் தாழ்த்தி முள்ளைப் பார்த்தார். வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். "வெயிலு" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார். விருதுநகரில் வெயில் அடிக்காத நாள் எது என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, அவரை இறக்கிவிட்டு ஆமத்தூர் தாண்டிப் போகும்போது முள் விறுவிறுவென்று சிவப்புக்குப் போனது. உடனே ஓரம் கட்டி இஞ்சினை அணைத்தேன். பானட்டின் இடுக்குகளிலிருந்து குபுகுபுவென்று வெள்ளையாக ஆவி வந்தது. நான் நிறுத்திய இடம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் கேட்டுக்கு நேர் எதிரே. அதை நான் கவனிக்கவில்லை. கவனித்தவர் வாட்ச்மேன்.

"ஏம்மா! பொகை! பொகை! எடுங்க வண்டிய! இங்கன நிக்கப்பிடாது!" என்று கம்பை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"பொகை இல்லைங்க, ஆவி. தண்ணி கொதிக்குது."

"என்ன எளவா இருந்தாலும் எடுங்க! செல்ல அமத்துங்க மொதல்ல!"

நான் கணவருக்கு அடிக்கப்போன போன் கையிலேயே நின்றது. இந்த ஒரு ஆளை மட்டும் நான் கேவலமாகப் பேசமாட்டேன். இந்தப் பக்கம் புகையைப் பார்த்தால் யாரும் நின்று விசாரிப்பதில்லை, ஓடத்தான் செய்வார்கள். அதற்குக் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து வேலைக்கு ஆள் கொண்டுவரும் வேன் வந்து நின்றது. தூக்குவாளியோடு இறங்கிய பெண்கள் ஒரு பார்வை பார்த்தார்கள். ஒரு பெண், "எக்கா, நீங்க உள்ள ஏறி ஸ்டேரிங்கப் பிடிங்க, நாங்க தள்ளுதோம்" என்றாள். நேற்றைய அலுமினியப் பொடி நகத்திலிருந்து போகாத கைகள் பின்கண்ணாடியில் பதிந்தன. காம்பவுண்டுச் சுவர் முடிந்து, வெறும் கரிசக்காடு தொடங்கும் இடம் வரை தள்ளிவிட்டார்கள். வண்டி ஏன் நின்றது, யார் கெடுத்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்காமல் ஒரு வேலையைச் செய்த ஆட்களை அந்தப் பதினைந்து நாளில் நான் பார்த்தது அங்கே மட்டும்தான்.

அங்கே நின்று கணவரைக் கூப்பிட்டேன். அவர் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் விருதுநகர் பைபாஸில் இருக்கும் தன் கூட்டாளி மெக்கானிக்கைக் கூப்பிட்டார். இழுவை வண்டி வந்து காரைக் கொண்டுபோய் ஒர்க்‌ஷாப்பில் போடுவதற்குள் தீர்ப்பே எழுதி முடித்துவிட்டார்கள். கிளச்சை மிதித்தபடியே ஓட்டினால் இஞ்சின் சூடாகுமாம். பெண்பிள்ளைகள் கால் கிளச்சிலேயே இருக்குமாம். பானட்டை இன்னும் ஒருவரும் திறக்கவில்லை.

அந்த மெக்கானிக் ஒரு தனிப் பிறவி. அண்ணனின் லாரியைக் கடைசியாகப் பார்த்தவர் இவர்தான், அந்த லாரி என்ன ஆனது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். பானட்டைத் திறந்தார். உள்ளே பார்க்காமல் என்னைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். இந்த ஊரில் எல்லோருக்குமே என் கணவர்தான் எனக்குக் காது.

"அக்கா ரெண்டாங் கியர்லயே ஓட்டுவாக போல. வாட்டர் பம்ப் போச்சு. பம்ப் மட்டும் மாத்துனா நிக்காது சார். ரேடியேட்டர், ஹெட் கேஸ்கட்டு, எல்லாத்தையும் பிரிக்கணும். முப்பதுக்கு மேல போகும். பிரிச்சப்புறம்தான் மேற்கொண்டு சொல்ல முடியும்."

"ஹெட்டு போயிருக்குன்னு எப்படித் தெரியும்? நான் சூட்டோட ஓட்டாம உடனே அமத்திட்டேனே" என்றேன்.

அவர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். என் கணவரும், எனக்கு வேண்டாதவர் மாதிரி, கூடச் சேர்ந்து சிரித்தார்.

அன்று சாயங்காலம் முன்வீட்டில் கூடிவிட்டார்கள். அண்ணனுடைய மைத்துனர் ஒருவர் பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். அவர் எப்படியோ சேதி கேட்டு வந்திருந்தார். போகிற வழியில் ஒர்க்‌ஷாப்பில் இறங்கி, டார்ச் அடித்து, காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டும் வந்திருந்தார். இந்தத் தலைவலியைத் தானே எடுத்துக்கொள்வதாகவும், வந்த விலைக்குத் தனக்கே கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். இஞ்சின் போன கார் மேல் இந்த மனிதருக்கு இவ்வளவு பாசம் ஏன் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

"ஏலே, அந்தப் பிள்ளைட்ட சொல்லு. பொம்பளை கையில இஞ்சின் தாங்காது. வித்துட்டு நிம்மதியா பஸ்ல போகச் சொல்லு. எம்புட்டு பேரு போறாக" என்றார் அண்ணன்.

என் கணவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணன் சொல்றதும் சரிதான?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடன் என்னுடையது. தவணை என்னுடையது. பஸ்ஸில் போய், மறுபடியும் பாதி வேலையில் எழுந்து ஓடி, நேற்று வந்தவனிடம் "கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று கெஞ்சப்போகிறவளும் நான். நிம்மதி மட்டும் இவர்களுடையது. "விக்கல" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் பின்வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்தடுத்த நாட்களில் அந்தக் காம்பவுண்டில் எனக்குப் பெயர் "இஞ்சினக் கெடுத்தவ". பால்காரருக்குக்கூடத் தெரிந்திருந்தது. தண்ணீர் லாரி வரிசையில் நிற்கும்போது பக்கத்து வீட்டம்மா, "கிளச்ச மிதிக்காம ஓட்டுத்தா" என்று எனக்குப் புத்தி சொன்னாள். அந்தம்மா வாழ்க்கையில் சைக்கிள்கூட ஏறியதில்லை. இதெல்லாம் நடந்தபோது என் கணவர் கூடவேதான் இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. சாது என்று ஊரில் அவருக்குப் பெயர்.

பத்து நாளைக்கு மேல் பஸ்ஸில் போய்வந்தேன். ஏஜெண்டுகள் நான் கிளம்பிய பிறகு வந்துவிட்டுப் போனார்கள். என் மேஜையில் இருக்க வேண்டிய இரண்டு ஆர்டர்கள் வேறு மேஜையில் இருந்தன. அன்று பாதியில் பெர்மிஷன் போட்டுவிட்டுத் தனியாக ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

"பம்ப் மட்டும் மாத்துங்க. ஓட்டிப் பார்க்கிறேன். மறுபடியும் சூடேறினா மத்ததைப் பேசுவோம்" என்றேன்.

"சாரக் கேட்டுட்டு..."

"கார் என் பேருல இருக்கு."

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு கார் சும்மா நிற்பதும் பிடிக்கவில்லை. மறுநாள் மாற்றிவிட்டார். ஓட்டிப் பார்த்தேன். முள் பாதிக்கு மேல் போகவில்லை. அவர் சொன்ன முப்பதாயிரத்தில் ஆறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அதைப் பற்றி அந்த மனிதருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. "கொஞ்ச நாளைக்கு ஓடும்" என்றார், கெட்ட சேதி சொல்கிற முகத்தோடு.

"பழைய பம்பைக் குடுங்க."

"அது எதுக்குக்கா? குப்பை."

"குப்பையக் குடுங்க."

ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். கார் சீட்டில் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். தண்ணீரைத் தள்ளுகிற இதழ்கள் அரித்துப்போய், பல் விழுந்த சீப்பு மாதிரி இருந்தன. உட்பக்கம் முழுக்க வெள்ளையாக, கெட்டியாக, சுண்ணாம்பு போல ஒரு ஏடு. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. எனக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வெள்ளை ஏட்டைக் கல்யாணமான நாள் முதல் நான் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்து போர் தண்ணீர் அப்படி. வெந்நீர்ப் பானையின் அடியில் அது படியும், குழாயின் வாயில் படியும், ஹீட்டர் வாங்கி மாட்டினால் ஒரு வருஷத்தில் அதைக் கொன்றுவிடும். முன்வீட்டு அக்கா, அண்ணனின் மனைவி, வாரம் தவறாமல் புளியைக் கரைத்து ஊற்றித் தேய்ப்பார். குடிக்கவும் சோறு வடிக்கவும் லாரியில் நல்ல தண்ணீர் வாங்குகிறோம், குடத்துக்கு இவ்வளவு என்று. அண்ணனும் அந்த நல்ல தண்ணீரைத்தான் குடிக்கிறார். ஆனால் வெளியாட்கள் முன்னால் தோட்டத்துத் தண்ணீரை விட்டுக்கொடுக்க மாட்டார். அவர் அப்பா நிலம், அவர் போட்ட போர், பாறையை உடைத்து வந்த தண்ணீர். அதைக் குறை சொன்னால் அவர் குலத்தையே குறை சொன்ன மாதிரி.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் என் காரின் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பதை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். சும்மா நின்று அழகு பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் கையில் செம்பு இருந்திருக்கும் என்று நினைக்கவில்லை.

காரை நானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முன்வீட்டு வாசலில் அண்ணன், அக்கா, என் கணவர் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பம்பைக் கொண்டுபோய் காப்பி டம்ளர்களுக்கு நடுவே வைத்தேன். கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக அவரை நேராகப் பார்த்துப் பேசினேன்.

"அத்தான், ரேடியேட்டர்ல என்ன தண்ணி ஊத்துனீக?"

அவர் ஒரு கணம் ஆடிப்போனார். பிறகு பழக்கப்படி தம்பியிடம் திரும்பினார்.

"ஏலே, இது என்னலே கேள்வி? நம்ம தோட்டத்துத் தண்ணிதான். காசு குடுத்து வாங்குன தண்ணியவா வண்டிக்கு ஊத்துவாக?"

அக்கா பம்பை எடுத்து உள்ளே பார்த்தார். "ஆத்தாடி, நம்ம வெந்நீப் பானையேதான்" என்று சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

அண்ணனுக்கு அது கேட்கவில்லையா, கேட்டும் புரியவில்லையா, தெரியாது. அவர் பெருமையாகவே பேசிக்கொண்டு போனார். "சூட்டுல ஓட்டுனா உப்பு பூக்கத்தான் செய்யும், தண்ணி என்ன செய்யும்? கூலண்டுன்னு கம்பெனிக்காரன் ஊத்துன அந்தப் பச்சைச் சாயத்தோட விட்டுருந்தா பொங்கலோடயே வண்டி நின்னுருக்கும். மாட்டுப் பொங்கல் அன்னைக்கு நாங்கதான அம்புட்டையும் எறக்கிட்டு நம்ம தண்ணிய நெறச்சோம். வெளிய மட்டும் குளிப்பாட்டுனாப் போதுமா, உள்ள குளிப்பாட்ட வேண்டாமா? அந்தப் பிள்ளை அவுக அம்மா வீட்டுக்குப் போயிருந்துச்சு. ஏலே, நீதான வாளி பிடிச்ச, சொல்லுலே." கொஞ்சம் நிறுத்திச் சிரித்தார். "இவன்கூட அப்பவே பயந்தான். வேண்டாம்ணே, உப்பு ஏறிப் பம்ப அடிச்சுரும்னான். நான் போட்ட சத்தத்துலதான் வாளியப் பிடிச்சான்."

பொங்கலுக்கு இந்தக் குடும்பத்தில் குளிப்பாட்ட மாடு இல்லை. மாட்டை விற்று வருஷங்கள் ஆகின்றன. அதனால் டிராக்டரைக் குளிப்பாட்டுவார்கள், மோட்டாரைக் குளிப்பாட்டுவார்கள். என் காரைக் குடலோடு சேர்த்துக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். இதற்கு நான் விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டும். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அண்ணனை இல்லை. அவர் ஒரு முட்டாள், அதைக் கூச்சமில்லாமல் எல்லோர் முன்னாலும் வைக்கிற முட்டாள். அவரிடம் ஒளிவு மறைவு இல்லை. என் கணவர் காப்பி டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

பின்வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "உங்களுக்கு மொதல்லயே தெரியும்ல?"

"ம்."

"முள்ளு ஏறுறப்பயே தெரியும்."

"ம்."

"ஊரே என்னையச் சொல்லுச்சு. பால்காரன் முன்னாடி சொன்னாக. காரை விக்க ஆளக் கூட்டியாந்து உக்கார வச்சாக. அப்பவும் வாயத் திறக்கலையே. ஏன்?"

"சொன்னா அண்ணன் மனசு சங்கடப்படும்ல" என்றார்.

"என் மனசு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேள்வியே புதிதாக இருந்தது அவருக்கு. நிஜமாகவே யோசித்துவிட்டுப் பதில் சொன்னார். "நீ தாங்கிக்கிடுவ."

பாராட்டுவது போலத்தான் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம்கூட வரவில்லை. பேச்சைக் கடத்துகிற குழாய் போல நடுவில் நின்ற மனிதர், எது என்னிடம் வர வேண்டும், எது வரக் கூடாது என்று இத்தனை வருஷமும் தானே முடிவுசெய்துகொண்டிருந்திருக்கிறார். சாது, தங்கமான மனுஷன், சத்தம் போட்டுப் பேசத் தெரியாது என்று நானும்தான் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல டிபன் பையோடும் பேப்பரோடும் வந்து கார்க் கதவைத் திறந்தார். பானட்டைத் திறக்க வண்டிக்குள் இருக்கும் பிடியை இழுக்க வேண்டும். அதற்காக இன்னொரு சாவி அண்ணனிடம் இருக்கிறது என்பதை ராத்திரிதான் யோசித்துக் கண்டுபிடித்திருந்தேன். அந்தச் சாவியைக் கொடுத்ததும் இவராகத்தான் இருக்க வேண்டும்.

"அண்ணன்கிட்ட இருக்கிற சாவிய வாங்கிட்டு வந்து ஏறுங்க" என்றேன்.

"இப்பவா?"

"இப்ப."

முன்வீட்டுப் பக்கம் பார்த்தார். நாலு எட்டு வைத்தால் வாசல். அண்ணன் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். இவர் ஒரு காலை எடுத்து வைத்தார், நின்றார், திரும்பி வந்து, "சாயங்காலம் கேக்கேன்" என்றார். நான் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.

சாவியை நானே போய்க் கேட்டிருக்கலாம். பூட்டையே மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை. செய்ய மாட்டேன். ஆர்டர் பிரிவு என் கையில்தான் இருக்கிறது, சீசன் நன்றாகவே போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறேன். என் கணவர் இன்னும் அந்தச் சாவியைக் கேட்கவில்லை. முதலில் அண்ணனுக்கு ஜலதோஷம் என்றார். அப்புறம் அண்ணன் ஏதோ யோசனையில் இருக்கிறார் என்றார். இப்போது காரணம் சொல்வதும் இல்லை. எனக்கு முன்னாலேயே எழுந்து கிளம்பி பஸ்ஸுக்குப் போய்விடுகிறார்.

சில நாட்களில் பஸ் வரத் தாமதமாகி, நான் போகும்போது அவர் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருப்பார். என் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடுகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் போகிறது. வண்டியை மெதுவாக்கிக் கண்ணாடியை இறக்குகிறேன். அவர் என்னைப் பார்க்கிறார். கிடைக்கவில்லை என்பது போல இரண்டு கையையும் விரிக்கிறார். நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறேன்.